கமிஷன் வந்தது சரி, கையில் நின்றது எவ்வளவு?

"உங்கள் வெற்றிக்கு நீங்களே பொறுப்பு." ஞாயிற்றுக்கிழமை பைபாஸ் ரோடு பக்கம் ஏதாவது ஒரு ஹாலில் நெட்வொர்க் மார்க்கெட்டிங் (பொருளை விற்றும், நமக்குக் கீழே ஆள் சேர்த்தும் கமிஷன் வாங்கும் தொழில்) கூட்டம் நடந்தால் இந்த வாக்கியம் மைக்கில் கட்டாயம் கேட்கும். மதுரையில் வரிக்கணக்கு பார்த்துப் பிழைக்கும் எனக்கு இந்த வாக்கியத்தோடு சண்டை இல்லை. சொந்தத் தொழில் எதுவானாலும் பொறுப்பு நம்முடையதுதான். ஆனால் மேடையில் அதை எப்போது சொல்கிறார்கள் என்று கவனியுங்கள். ஒருவர் கார் வாங்கினால் 'சிஸ்டம் ஜெயிக்க வைத்தது' என்கிறார்கள். இன்னொருவர் கடனாளியானால் 'அவர் பொறுப்பெடுத்து உழைக்கவில்லை' என்கிறார்கள். லாபத்துக்கு அப்லைன் (நம்மைச் சேர்த்துவிட்டு நமக்கு மேலே இருப்பவர்), நட்டத்துக்கு மட்டும் நாமா?

என்னைக் கேட்டால், இந்தத் தொழிலில் பொறுப்பெடுப்பதன் முதல் வேலை ரொம்பச் சாதாரணமானது. வரவு செலவை எழுதி வைக்க வேண்டும், அவ்வளவுதான். ரிட்டர்ன் தாக்கல் செய்ய என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் கமிஷன் எவ்வளவு வந்தது என்பதைப் பைசா சுத்தமாகச் சொல்வார்கள். செலவைக் கேட்டால் மின்விசிறியைப் பார்ப்பார்கள். நம் ஊர்க்காரர்களுக்குக் கணக்கு எழுத வராது என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு வீட்டில் செய்முறை நோட்டை வாங்கிப் பாருங்கள். இருபது வருடத்துக்கு முன்னால் காதுகுத்துக்கு யார் எவ்வளவு செய்தார், அதைத் திருப்பிச் செய்தாயிற்றா என்பது வரை இருக்கும். அதே வீட்டில் நெட்வொர்க் தொழிலுக்கு என்று ஒரு பக்கம்கூட இருக்காது.

வில்லாபுரத்திலிருந்து ஒரு அக்கா வந்திருந்தார். (ஆள் யாரென்று தெரியக்கூடாது என்பதற்காக விவரங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.) "வருஷத்துக்கு எண்பத்தி நாலாயிரம் சம்பாதிச்சிருக்கேன் சார், இதுக்கு வரி வருமா?" என்று கேட்டார். சரி, எழுதிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தோம். நிறுவனத்தில் தன் லெவல், அதாவது படிநிலை, இறங்காமல் இருக்க மாதம் 5,000 ரூபாய்க்குத் தன் ஐ.டி.யிலேயே (உறுப்பினர் கணக்கிலேயே) சரக்கு எடுத்திருக்கிறார். வருடத்துக்கு 60,000. அதில் வாங்கிய விலைக்கே வெளியே கொடுத்து வசூலானது 22,000. வீட்டில் செலவான சோப்பு, பேஸ்ட், சத்து பவுடர் எல்லாம் 15,000 இருக்கும். மீதி 23,000 ரூபாய்ச் சரக்கு பீரோவுக்கு மேலே அட்டைப்பெட்டியில் கிடக்கிறது. அதிலும் சில டப்பாக்களுக்குக் காலாவதி தேதி நெருங்கிவிட்டது. கோயம்புத்தூர், சென்னைக் கூட்டங்களுக்குப் பஸ், ரூம், நுழைவுக் கட்டணம் என்று 31,000. பெட்ரோல், போன் 14,000. ஆக, கமிஷனும் சரக்கு விற்ற பணமும் சேர்த்து வந்தது 1,06,000. போனது 1,05,000.

"அப்ப மாசத்துக்கு நூறு ரூபாகூட நிக்கலையா?" என்றார். நிற்கவில்லை. வீட்டுச் சோப்பையும் வரவில் சேர்க்கலாமே என்றார். சேர்க்கலாம்தான், ஆனால் அந்த மெனக்கெடல் இல்லாமலே தெருமுனைக் கடையில் இதைவிடக் குறைந்த விலைக்குச் சோப்பு கிடைத்திருக்கும்.

இந்த அக்காவைப் பார்த்து 'உழைக்கவில்லை' என்று யாரும் சொல்ல முடியாது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வெயிலில் வீடு வீடாக அலைந்தவர். அவர் கையில் இருந்த ஒரே ஒரு முடிவைத்தான் எடுக்காமல் விட்டிருந்தார். லெவலுக்காக வாங்குவதை நிறுத்தி, ஆர்டர் வந்த பிறகு மட்டும் சரக்கு எடுப்பது. அடுத்த வருடம் அதைச் செய்தார். லெவல் போனது, கமிஷனும் பாதிக்கு மேல் இறங்கியது. கையில் நின்ற பணம் கூடியது. கூட்டத்தில் அவரை மேடைக்குக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்களாம். அதில் அவருக்கு வருத்தம்தான், மறைப்பானேன்.

வரி விஷயத்தில் இரண்டு தவறான நம்பிக்கைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டும் கமிஷனுக்கு நிறுவனம் 2 சதவீதம் டி.டி.எஸ். (கொடுக்கும்போதே பிடித்துக்கொள்ளும் வரி) பிடிக்கிறது. 2024 அக்டோபருக்கு முன்னால் இது 5 சதவீதமாக இருந்தது. பான் எண் கொடுக்காதவருக்கு 20 சதவீதம் போய்விடும். 'அதான் பிடிச்சிட்டாங்களே, வரி முடிஞ்சது' என்று நினைப்பது முதல் தப்பு. அது முன்கூட்டிப் பிடித்த தொகை மட்டுமே. மொத்த வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால் ரிட்டர்ன் போட்டுத்தான் அதைத் திரும்ப வாங்க முடியும். போடாதவர்களின் பணம் அங்கேயே நின்றுவிடுகிறது. இரண்டாவது தப்பு, கடைக்காரர்களைப் போலத் தாங்களும் விற்றுமுதலில் 6 அல்லது 8 சதவீதத்தை லாபமாகக் காட்டிவிடலாம் என்று நினைப்பது. அந்தச் சலுகை கமிஷன் வருமானத்துக்குக் கிடையாது. உண்மையான வரவையும் செலவையும்தான் காட்ட வேண்டும், செலவுக்குப் பில் வேண்டும். வீட்டுக்கு எடுத்த சத்து பவுடர் தொழில் செலவில் சேராது.

சரி, கணக்கு எழுதினால் மட்டும் ஜெயித்துவிடலாமா? முடியாது. நம் கையில் இல்லாத ஒன்று இதில் இருக்கிறது. 'நீங்கள் ஆறு பேரைச் சேர்க்கிறீர்கள், அந்த ஆறு பேரும் ஆளுக்கு ஆறு பேரைச் சேர்க்கிறார்கள்' என்று போர்டில் வட்டம் வட்டமாகப் போட்டுக் காட்டுவார்கள். அதை நிறுத்தாமல் போட்டுக்கொண்டே போங்கள். எட்டாவது வரிசையில் 16,79,616 பேர் வேண்டும். ஒன்பதாவது வரிசையில் ஒரு கோடியைத் தாண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, கைக்குழந்தையையும் சேர்த்து மதுரை மாவட்டத்தில் இருந்தவர்களே சுமார் 30 லட்சம். ஆகவே கீழ் வரிசையில் நிற்கிறவருக்கு ஆள் கிடைக்கவில்லை என்றால் அது அவருடைய சோம்பேறித்தனம் ஆகாது. ஆள் சேர்ப்பதை மட்டும் நம்பி இறங்குவது, முடியாத ஒன்றுக்குப் பொறுப்பேற்பது.

விற்பதை நம்பி இறங்கியவர்களையும் பார்க்கிறேன், எண்ணிக்கையில் குறைவு. திருமங்கலம் பக்கம் ஒரு தம்பி பாத்திரம் துலக்கும் திரவமும் தரை துடைக்கிற திரவமும் மட்டும்தான் விற்கிறார். டீக்கடை, மெஸ், சின்ன மண்டபம் என்று போகிறார். எந்தக் கடையில் கேன் எப்போது தீரும் என்று போனில் குறித்து வைத்திருக்கிறார். தீர்வதற்கு இரண்டு நாள் முன்னால் போய் நிற்பார். அவருக்குக் கீழே ஆள் அதிகமில்லை. வாங்குகிறவர்களில் யாரும் கமிஷனுக்காக வாங்கவில்லை என்பதுதான் அவருடைய பலம். நாளைக்கே அந்த நிறுவனம் திட்டத்தை மாற்றினாலும், வேறு கம்பெனி கேனைத் தூக்கிக்கொண்டு அதே கடைகளுக்குப் போவார். பெரிய சம்பாத்தியம் என்று சொல்ல மாட்டேன். பார்த்துக்கொண்டிருந்த வேலையையும் அவர் விடவில்லை.

நாம் சேர்த்துவிட்டவருக்கு நாம் பதில் சொல்ல வேண்டும் என்பதை மேடையில் யாரும் பேசுவதில்லை. யாரையெல்லாம் சேர்க்கலாம் என்று லிஸ்ட் எழுதச் சொன்னால் நாம் முதலில் எழுதுவது மச்சான், மதினி, சித்தப்பா மகன் பெயர்களைத்தான். பணம் போனால் அடுத்த கல்யாணத்தில் பந்தியில் எதிரெதிரே உட்கார வேண்டும். சட்டமும் இதைச் சும்மா விடவில்லை. பணச் சுழற்சித் திட்டங்களை (ஆள் சேர்ப்பதை வைத்துப் பணம் வரும் என்று காட்டும் திட்டங்களை) தடை செய்யும் 1978-ஆம் ஆண்டுச் சட்டம், அப்படிப்பட்ட திட்டத்தை நடத்துவதோடு, அதில் உறுப்பினராகச் சேர்வதையும் பங்கேற்பதையும் தடுக்கிறது. 'எனக்கு மேல இருக்கிற அண்ணன் சொன்னார்' என்பது அங்கே செல்லாது. 2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகளின்படி (நெட்வொர்க் மார்க்கெட்டிங்கும் இதில் அடங்கும்), சேர்வதற்குக் கட்டணம் வாங்கக்கூடாது. விற்பவருக்கும் நிறுவனத்துக்கும் எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் இருக்க வேண்டும். அடையாள அட்டை இல்லாமலோ, முன்னால் கேட்காமலோ ஒருவர் வீட்டுக்கு விற்கப் போகக்கூடாது. நிறுவனம் சொல்லாத குணத்தை நாமாகச் சேர்த்துச் சொல்லவும் கூடாது.

கடைசியாகச் சொன்னதில்தான் எனக்குக் கோபம் வருகிறது. 'இந்தப் பவுடர் சாப்பிட்டா சுகர் மாத்திரையை நிறுத்திடலாம்' என்று வாட்ஸ்அப்பில் போடுகிறார்கள். சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று மருந்தை விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. சட்டம் கிடக்கட்டும். மாத்திரையை நிறுத்திய பெரியவர் பெரியாஸ்பத்திரியில் படுத்தால் எந்த லீடர் போய்ப் பார்ப்பார்?

விலகலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சேர்ந்த புதிதில் யோசித்து விலகுவதற்கான அவகாசம் கொடுக்க வேண்டும் என்று மேலே சொன்ன விதிகளிலேயே இருக்கிறது. அந்த அவகாசத்துக்குள் ஒப்பந்தத்தை முறித்தால் அபராதம் போட முடியாது. எத்தனை நாள், விற்காத சரக்கைத் திருப்ப என்ன நிபந்தனை என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை. நிறுவனம் பதில் சொல்லாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிடலாம். விஷயம் பண மோசடி என்று தெரிந்தால் காவல்துறையின் பொருளாதாரக் குற்றப்பிரிவுக்குப் போகலாம். எங்கே போனாலும் முதலில் ஒப்பந்தத்தைத்தான் கேட்பார்கள். நானும் அதைத்தான் கேட்கிறேன். "அது அப்லைன் அண்ணன்கிட்ட இருக்கு சார்" என்ற பதில்தான் அடிக்கடி வருகிறது. ஐ.டி. திறந்தது அவர், ஓ.டி.பி. சொன்னது இவர், பாஸ்வேர்டும் அவரிடமே இருக்கும். இந்த வாரமே பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, ஒப்பந்தத்தின் நகலை அவரிடமிருந்து வாங்கிப் படியுங்கள். அவர் தயங்கினால் நிறுவனத்துக்கே எழுதிக் கேளுங்கள்.