மாடித்தோட்டத் தளையும் இலவச விதைத் தொகுப்பும்: யாருக்கு எது?

மொட்டை மாடியில் காய்கறி போட நினைப்பவர்களுக்குத் தமிழ்நாடு தோட்டக்கலைத் துறை இரண்டு வழிகளில் கைகொடுக்கிறது. இரண்டும் ஒன்றல்ல.

முதலாவது, மாடித்தோட்டத் தளை, அதாவது செடி வளர்க்கத் தேவையான பொருள்கள் அடங்கிய தொகுப்பு (கிட்). மானியம் போகப் பணம் கட்டி வாங்குவது. 2013-14இல் சென்னையிலும் கோவையிலும் தொடங்கியது. 2021 டிசம்பரில் மறுபடி வந்தபோது 900 ரூபாய்த் தளை 225 ரூபாய்க்குக் கிடைத்தது. பின்னர் மானியம் விலையில் பாதியாகக் குறைந்தது, கட்ட வேண்டியது 450 ரூபாயானது. இப்போதைய விலையையும் இருப்பையும் கேட்டுக்கொண்டு பணம் கட்டுங்கள். ஒருவருக்கு அதிகபட்சம் இரண்டு தளைகள்.

தளைக்குள் ஆறு செடி வளர்ப்புப் பைகள், தலா இரண்டு கிலோ தென்னை நார்க் கழிவுக் கட்டிகள் ஆறு, ஆறு வகை விதைகள், 400 கிராம் உயிர் உரம், நோய்க் கட்டுப்பாட்டுக்கு 200 கிராம் டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சை, 100 மில்லி வேப்பெண்ணெய் மருந்து, ஒரு கையேடு. இல்லாதது எரு. அங்கேதான் பலருக்கும் சறுக்குகிறது. நார்க் கட்டியை ஊறவைத்துப் பையில் நிரப்பி விதை போட்டால் செடி முளைக்கும். ஆனால் வெறும் நாரில் சத்து இல்லாததால் வெளுத்து நின்றுவிடும். ஊறிய நாரைப் பிழிந்தால் காப்பி நிறத்தில் தண்ணீர் வரும். அது வெளிறும்வரை இரண்டு மூன்று முறை அலசிய பிறகு, செம்மண்ணும் மக்கிய சாணமோ மண்புழு உரமோ சேர்த்துக் கலக்க வேண்டும். டிரைக்கோடெர்மாவை அந்த எருவிலேயே கலந்து, ஈரம் காயாமல் நிழலில் ஒரு வாரம் வைத்துப் பயன்படுத்தினால் நல்லது. பைகளைச் செங்கல் மீது வையுங்கள். தளத்தில் தண்ணீர் தேங்கி ஓதம் இறங்கினால் கீழ்வீட்டுக்காரர் முதலில் உங்களைத்தான் தேடுவார்.

இரண்டாவது, 2025 ஜூலையில் தொடங்கிய ஊட்டச்சத்து வேளாண்மை இயக்கம். இது முழு மானியம். பணம் கட்ட வேண்டியதில்லை. தக்காளி, கத்தரி, வெண்டை, மிளகாய், கொத்தவரை, கீரை விதைகள் ஒரு தொகுப்பு. பப்பாளி, கொய்யா, எலுமிச்சைக் கன்றுகள் இன்னொரு தொகுப்பு. பை கிடையாது, உரம் கிடையாது. பழக் கன்றுகள் தரையில் கொஞ்சம் இடமிருப்பவர்களுக்கே தோது.

இரண்டுக்கும் தோட்டக்கலைத் துறை இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். ஆதார் அட்டை தேவைப்படும். இணையம் கைவராதவர்கள் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் நேரில் கேட்கலாம்.

விளைச்சலை விற்கலாமா என்ற கேள்வியும் எழும். ஆறு பையில் விளைவது குழம்புக்குப் போதும், வியாபாரத்துக்குப் போதாது என்பது என் கணக்கு. பைகள் பெருகி, மிச்சமாகும் கீரையைத் தெருமுனைக் காய்கறிக் கடையில் கொடுப்பது கடைக்காரருக்கும் உங்களுக்கும் இடையிலான பேச்சு. உழவர் சந்தையில் கடை போடுவது நடக்காது. 1999இல் மதுரையில் தொடங்கியது முதலே, நிலத்தில் பயிர் செய்வதைச் சரிபார்த்து அடையாள அட்டை பெற்ற விவசாயிகளுக்குத்தான் அங்கே இடம். மொட்டை மாடிக்கு ஏது சிட்டா, அடங்கல் என்ற நில ஆவணங்கள்? மிளகாயை ஊறுகாயாகவோ வற்றலாகவோ போட்டு விற்கத் தொடங்கினால் அது உணவுத் தொழில். வீட்டு அடுப்பில் செய்தாலும் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு எண் வாங்கிவிட்டுத்தான் விற்க வேண்டும்.