ஆச்சி துவைத்துக் கொண்டுவந்த துணி

"பீடி, சிகரெட் குடிக்கிற பழக்கம் உண்டா?" இருமலோடு வரும் பெண்களிடம் இதைக் கேட்டால் முறைப்பார்கள். நுரையீரல் மருத்துவன் கேட்காமலும் இருக்க முடியாது. ஆலங்குளம், முக்கூடல் பக்கத்திலிருந்து வருகிறவர்களிடம் எனக்கு இன்னொரு கேள்வியும் உண்டு: "பீடி சுற்றுவீங்களா? எங்கே உட்கார்ந்து?"

பட்டாசலில்தான், அதாவது வீட்டு நடுக்கூடத்தில். புகையிலைத் தூள் பறக்கும் என்று ஃபேன் போடமாட்டார்கள். ஆனி, ஆடிக் காற்றுக்குப் பயந்து மேற்குப் பக்கத்து ஜன்னலையும் சாத்தியிருப்பார்கள். மடியில் பீடி சுற்றும் சுளகு (முறம்), பக்கத்திலேயே பிள்ளை தூங்கும். சாயங்காலமானால் சாம்பிராணி, ராத்திரிக்குக் கொசுவத்தி.

ஒரு கொசுவத்திச் சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் வரை எரித்ததற்குச் சமம் என்று 2003-இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. இதைச் சொன்னால், "கொசு கடிச்சா டெங்கு வருமே டாக்டர்" என்பார்கள். அதுவும் நியாயம்தானே? வலை கட்டுங்கள் என்பேன். தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

2018 நவம்பரில் டெல்லியில் ஒரு மருத்துவமனை வாசலில் காற்றை வடிகட்டும் வெள்ளைத் துணியால் பெரிய நுரையீரல் செய்து, பின்னால் விசிறி ஓடவிட்டு வைத்தார்கள். சில நாளிலேயே கறுத்துப்போனது. அது தெருக் காற்று. நம் பிரச்சினை வீட்டுக்குள். எனவே ஓவியம் படிக்கும் பிள்ளைகள் சிலரோடு சேர்ந்து ஓர் ஊரில் வீட்டுக்கு மூன்று வெள்ளைத் துணி கொடுத்தோம், பூத்தையல் வளையத்தில் மாட்டி, தேங்காய் எண்ணெய் லேசாகத் தடவி. ஒன்று அடுக்களைக்கு, ஒன்று பட்டாசலுக்கு, ஒன்று வாசல் பக்கத்துத் திறந்த தாழ்வாரமான தார்சாவுக்கு. ஒரு வாரம் கழித்து எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்தால் சாவடிச் சுவரில் ஒரு நுரையீரல். இதுதான் திட்டம்.

(துணி அளவுகோல் ஆகாது. அதில் ஒட்டுவது பெரிய தூசியும் கரியும்தான். நுரையீரலின் ஆழம் வரை போகும் 2.5 மைக்ரானுக்குக் குறைந்த துகள் கண்ணுக்கே தெரியாது. அதற்காக ஒரு கருவியை விளக்கோடு இணைத்திருந்தோம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்லும் வரம்பு கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராம். அதற்குக் கீழே பச்சை. நம் நாட்டு வரம்பான 60-ஐத் தாண்டினால் சிவப்பு. பிள்ளைகள் ஊதுபத்தியைப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சிவக்க வைத்தே விளையாடித் தீர்த்தார்கள்.)

துணிகள் திரும்பி வந்தன. ஓர் ஆச்சி கொண்டுவந்த மூன்றும் பளிச்சென்று வெள்ளை! துவைத்திருக்கிறார்.

"அழுக்குத் துணியை நாலு பேர் பார்க்க எப்படிய்யா தொங்கவிடுறது?"

தப்பு எங்களுடையது. துவைக்காதீர்கள் என்று யாரும் சொல்லவில்லை. "சரி ஆச்சி, தண்ணி எப்படி இருந்துச்சு?"

"தார்சா துணி ஒண்ணுமில்ல. அடுக்களைத் துணிக்கு மூணு தண்ணி மாத்துனேன். பட்டாசல்ல கெடந்ததுதான் பொகையிலைத் தண்ணி கணக்கா இறங்குச்சு."

சுற்றி நின்ற பெண்கள் யாரும் அதன்பிறகு என் விளக்கைப் பார்க்கவில்லை. ஆச்சியிடம்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவருடைய மூன்று வெள்ளைத் துணிகளையும் நுரையீரலின் நடுவில் வைத்துத் தைத்தோம். அடுத்த மாதம் மாத்திரைக்கு வந்தபோது, சுளகைத் தார்சாவுக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னார். கொசுவத்தியை இன்னும் விடவில்லை.