எக்ஸ் கதிரை எண்ணும் சிலிக்கான் சில்லு

எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஒரு துகளை லட்சம் மடங்கு பெரிதாக்கிப் பார்த்துவிடலாம். ஆனால் அது இரும்பா, ஈயமா என்று படம் சொல்லாது. அதைச் சொல்வது, பக்கவாட்டில் நுழைந்திருக்கும் குழாயின் நுனியில் உட்கார்ந்திருக்கும் சிலிக்கான் சில்லு. தடிமன் சுமார் அரை மில்லிமீட்டர்தான்.

எலக்ட்ரான் கற்றை மோதியதும் அணுவின் உள்கூட்டிலிருந்து ஓர் எலக்ட்ரான் தெறித்து வெளியேறும். காலியான இடத்துக்கு வெளிக்கூட்டு எலக்ட்ரான் இறங்கும்போது, மிஞ்சும் ஆற்றல் எக்ஸ் கதிராக வெளிவரலாம். இரும்புக்கு அது 6.40 கிலோ எலக்ட்ரான்வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு), செம்புக்கு 8.05. ஆற்றலை அளந்தால் தனிமம் பிடிபட்டுவிடும்.

சரி, எப்படி அளப்பது? எக்ஸ் கதிரின் ஒரு ஃபோட்டான், அதாவது ஒளித்துகள், சிலிக்கானில் உறிஞ்சப்படும்போது, சராசரியாக 3.6 எலக்ட்ரான்வோல்ட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் எலக்ட்ரான்–துளை இணைகள் (விடுபட்ட எலக்ட்ரானும் அது விட்டுச்சென்ற காலியிடமும்) பிறக்கின்றன. சிலிக்கானின் பட்டை இடைவெளி, அதாவது ஓர் எலக்ட்ரானை விடுவிக்கத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல், வெறும் 1.1 எலக்ட்ரான்வோல்ட்தான்; மீதி பெரும்பாலும் படிகத்தை அதிரவைப்பதில் போய்விடுகிறது. இரும்பின் ஒரு ஃபோட்டானுக்கு ஏறக்குறைய 1,750 இணைகள். அவற்றை எண்ணுவதுதான் மொத்த வேலையும்.

ஆனால் இது அற்ப மின்னூட்டம். வெப்பத்தால் தானாகக் கிளம்பும் எலக்ட்ரான்களே இதை மூழ்கடித்துவிடும். அதனால்தான் 1968இல் நுண்பகுப்பாய்வுக்கு வந்த லித்தியம் ஊட்டிய சிலிக்கான் உணரிக்குத் திரவ நைட்ரஜன் தேவைப்பட்டது.

அந்தத் தொல்லையைப் போக்கிய யோசனை துகள் இயற்பியலிலிருந்து வந்தது. எமிலியோ காட்டி, பாவெல் ரெஹாக் என்ற ஆய்வாளர்கள் 1980களின் முதல் பாதியில் முன்வைத்த டிரிஃப்ட் உணரி அது. இன்றைய வடிவில், சில்லின் ஒரு முகத்தில் வளையம் வளையமாக மின்முனைகள். வெளியிலிருந்து உள்ளே மின்னழுத்தம் படிப்படியாக மாறுவதால், எலக்ட்ரான் எங்கே பிறந்தாலும் சரிவில் உருளும் கோலிபோல நடுவிலுள்ள சின்னஞ்சிறு நேர்மின்வாய்க்கு வந்துவிடும். நேர்மின்வாய் சிறிதென்றால் மின்தேக்குதிறன் குறைவு; அதனால் இரைச்சலும் குறைவு, எண்ணும் வேகமும் அதிகம். சில்லைப் பெரிதாக்கினாலும் நேர்மின்வாயைப் பெரிதாக்க வேண்டியதில்லை என்பதுதான் இதில் உண்மையான கெட்டிக்காரத்தனம். குளிரூட்ட, மின்சாரத்தாலேயே குளிர்விக்கும் பெல்டியர் சாதனம் ஒன்று போதும்.

இருந்தாலும் ஒரு வரம்பு உண்டு. ஒரே ஆற்றலுள்ள ஃபோட்டான்கள்கூட ஒவ்வொரு முறையும் ஒரே எண்ணிக்கையில் இணைகளைத் தருவதில்லை. ஆகவே எந்த ஆற்றலில் எத்தனை ஃபோட்டான்கள் என்று காட்டும் வரைபடத்தில், மாங்கனீசின் 5.9 கிலோ எலக்ட்ரான்வோல்ட் உச்சியின் அகலம் 120 எலக்ட்ரான்வோல்ட் அளவிலேயே நின்றுவிடுகிறது. கந்தகம், மாலிப்டினம், ஈயம் மூன்றும் 2.3 கிலோ எலக்ட்ரான்வோல்ட் பக்கத்தில் நெருக்கியடித்து நிற்பதால், மென்பொருள் ஒட்டும் பெயரை அப்படியே நம்பக் கூடாது.

இன்னொரு ஏமாற்றும் உண்டு. இரண்டு அலுமினிய ஃபோட்டான்கள் ஒரே நேரத்தில் விழுந்தால் உணரிக்கு 2.97 கிலோ எலக்ட்ரான்வோல்ட் ஃபோட்டான் ஒன்று வந்ததாகத் தெரியும். ஆர்கானின் இடம் 2.96. வெறும் அலுமினியத்தில் ஆர்கான் தென்பட்டால், கற்றையின் மின்னோட்டத்தைப் பாதியாக்கிப் பாருங்கள். இரட்டை விழல்தான் காரணம் என்றால், அலுமினிய உச்சி வளரும் வேகம் பாதியாகும்போது ‘ஆர்கான்’ வளரும் வேகம் கால்வாசிக்கு இறங்கிவிடும்.