தழுவல்: நாவல் படமாகும்போது சொல்ல வேண்டிய சொல்

ஒரு நாவலையோ சிறுகதையையோ எடுத்துக்கொண்டு அதைத் திரைப்படமாகவோ தொலைக்காட்சித் தொடராகவோ ஆக்குவதைத் தழுவல் என்கிறோம். அப்படி ஆன படத்துக்கும் அதே பெயர்தான். விமர்சனம் எழுதுகிறவர்களில் பலர் இப்போது ‘அடாப்டேஷன்’ என்றே எழுதிவிடுகிறார்கள். ‘தழுவல்’ என்றால் எங்கிருந்தோ சுட்ட கதை என்ற வாடை அடிக்கிறதாம். அந்தப் பழி இந்தச் சொல்லின் மேல் இடையில் வந்து விழுந்தது. அதன் பிறப்பில் அப்படி எதுவும் இல்லை.

‘தழுவு’ என்ற வினைக்கு அணைத்தல், சேர்த்துக்கொள்ளுதல் என்று பொருள். முல்லை நிலத்து இளைஞர் காளையை அடக்கியது ஏறு தழுவல். கைகோத்து ஆடும் குரவைக்குத் ‘தழூஉ’ என்றே ஒரு பெயர் உண்டு. குறளில் ‘உலகம் தழீஇயது ஒட்பம்’ என்று வருகிறது. உயர்ந்தோரை நட்பாக்கிக்கொள்வதே அறிவுடைமை என்பது அதற்குச் சொல்லப்படும் உரை. இலக்கணத்திலும் ஒரு சொல் அடுத்த சொல்லைப் பொருளால் பற்றாமல் நின்றால் அது தழாத்தொடர். இந்த இடங்கள் எல்லாவற்றிலும் இரண்டு பேர், அல்லது இரண்டு பொருள்கள், நெருங்கி நிற்கின்றன. இரண்டும் தனித்தனியாகவே இருக்கின்றன. ஒன்று மற்றொன்றாக மாறிவிடுவதில்லை. நாவலுக்கும் படத்துக்கும் உள்ள உறவைச் சொல்ல எனக்கு இதைவிட நல்ல சொல் தெரியவில்லை.

‘அடாப்டேஷன்’ லத்தீனிலிருந்து வந்தது. ‘ஆப்டஸ்’ என்றால் பொருந்தியது. ஒன்றை வேறோர் இடத்துக்குப் பொருந்தும்படி செய்வதுதான் அதன் அடிப்பொருள். அதனால்தான் உயிரினங்கள் சூழலுக்கேற்ப மாறுவதையும் அதே சொல்லால் குறிக்கிறார்கள். நம் பாடநூல்கள் அதற்குத் ‘தகவமைப்பு’ என்று அழகான சொல்லை ஆக்கி வைத்திருக்கின்றன. சிலர் அதையே கொண்டுவந்து ‘நாவலின் திரைத் தகவமைப்பு’ என்று எழுதுகிறார்கள். தேவையில்லை. மணலுக்கேற்ப அமைந்த ஒட்டகத்தின் பாதத்துக்குச் சரியான சொல் கதைக்கும் சரியாக இருக்க வேண்டியதில்லை.

பழிக்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழில் நாவல்கள் பெருகியபோது, ஆங்கில மர்மக் கதைகளை எடுத்து, ஊரையும் பெயரையும் மாற்றி, தமிழ்நாட்டில் நடந்தவைபோல எழுதிய நூல்கள் ஏராளமாக வந்தன. மூல ஆசிரியரின் பெயர் பல சமயம் அட்டையில் இராது. அவற்றுக்குத்தான் ‘தழுவல்’ என்ற பெயர் நிலைத்தது. 1930களில் இந்த வழக்கத்தைக் கடுமையாக எதிர்த்து எழுதியவர்களில் முக்கியமானவர் புதுமைப்பித்தன். பிறமொழிக் கதை வேண்டுமானால் நேர்மையாக மொழிபெயருங்கள் என்பது அவர் கட்சி. அவர் கோபம் நியாயமானது. ஆனால் குற்றம் பெயரை மறைத்ததில் இருந்தது, தழுவியதில் இல்லை. இந்த வேறுபாட்டை நாம் இன்னும் சரியாகப் பிடித்துக்கொள்ளவில்லை. மறுஆக்கம், ஈயடிச்சான் காப்பி, தழுவல் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுவிடுகிறோம்.

பழைய இலக்கணம் இதில் நம்மைவிடத் தெளிவாக இருந்தது. தொல்காப்பிய மரபியல், முன்னொரு நூலை ஒட்டி எழும் வழிநூலை நான்காக வகுக்கிறது: தொகுத்தல் (சுருக்குதல்), விரித்தல், தொகைவிரி (இரண்டும் சேர்ந்தது), மொழிபெயர்த்தல். நன்னூல் முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று மூன்றாகச் சொல்லும். ‘முன்னோர் நூலின் முடிபொருங் கொத்துப் பின்னோன் வேண்டும் விகற்பங் கூறி’ நடப்பது வழிநூல். முடிவில் முன்னவரோடு ஒத்துப்போக வேண்டும். நடுவே பின்னவர் தமக்கு வேண்டிய மாறுதலைச் செய்யலாம். வான்மீகியில் இராவணன் சீதையைத் தொட்டே தூக்குகிறான். கம்பர் குடிசையோடு, நிலத்தோடு பெயர்த்தெடுக்க வைத்தார். அது விகற்பம். அதற்காகக் கம்பரை யாரும் மூலத்தைக் கெடுத்தவர் என்பதில்லை. சார்புநூலை நன்னூல் ‘புடைநூல்’ என்றும் சொல்லும்: ‘இருவர் நூற்கும் ஒருசிறை தொடங்கித் திரிபுவே றுடையது.’ இருவர் என்பது முதல்நூலையும் வழிநூலையும் செய்தவர்கள். ஒருசிறை என்றால் ஒரு பகுதி. ஒரு பகுதியை மட்டும் பிடித்துக்கொண்டு வேறு வழியில் போவது.

இந்த அளவுகோலோடு நம் படங்களைப் பார்த்தால் பல சண்டைகள் தீரும். பூமணியின் ‘வெக்கை’ 1982இல் வந்த நாவல். கொலை செய்துவிட்டு ஓடும் பதினைந்து வயதுச் சிதம்பரத்தின் கண்வழியே, தகப்பனும் மகனும் காட்டில் மறைந்து திரியும் எட்டு நாள்களில் அது முடிந்துவிடுகிறது. வெற்றிமாறனின் ‘அசுரன்’ (2019) கதையின் நடுவே தகப்பன் சிவசாமியை நிறுத்தியது. அவனுக்கு நீண்ட கடந்தகாலம் ஒன்றைக் கட்டிக்கொடுத்தது. ஆனாலும் கொலை, ஓட்டம், தகப்பன் மகன் உறவு, கடைசியில் நீதிமன்றத்தை நோக்கிய நடை என்று எலும்புக்கூடு நாவலுடையதே. ஆகவே வழிநூல். வசந்தபாலனின் ‘அரவான்’ (2012) சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ என்ற மிகப் பெரிய நாவலின் ஒரு பகுதியிலிருந்து கிளைத்தது. ‘ஒருசிறை தொடங்கி’ என்பதற்கு இதைவிட நேரான சான்று கிடைக்காது. முழு நாவலையும் எதிர்பார்த்துப் போய், அதைக் காணோமே என்று வருந்துவதில் பொருளில்லை.

மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ (1979) இன்னும் தொலைவில் நிற்கிறது. புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’ என்ற குறுநாவலிலிருந்து தாயில்லாக் குழந்தைகளின் நிலை என்ற சரடு வந்தது. ஊரே கரையில் நிற்க ஒருவன் ஆற்றுக்குள் இறங்கும் கடைசிக் காட்சி முழுக்க மகேந்திரனுடையது. அத்தனை விலகிப் போன பிறகும் படத்தின் பெயர்ப்பட்டியலில் அவர் புதுமைப்பித்தனின் பெயரைப் போட்டார். பெயரை மறைக்கும் தழுவலை எதிர்த்தவருக்கு அதைவிட முறையான மரியாதை வேறென்ன இருக்க முடியும்? என் கணக்கில் தழுவலின் இலக்கணமே இதுதான்: எவ்வளவு மாற்றினாலும் மூலக்கதை யாருடையது என்று சொல்லிவிடுவது.

எந்தக் கட்டத்திலும் அடங்காதவையும் உண்டு. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் ‘மேனகா’ நாவல் டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகமாகி, பிறகு 1935இல் படமானது. படம் தழுவியது நாவலையா, நாடகத்தையா? ‘தியாகபூமி’யில் சிக்கல் இன்னும் சுவையானது. கே. சுப்ரமணியம் படமெடுக்க, கல்கி எழுத, படத்தின் காட்சிகளோடு கதை ஆனந்த விகடனில் தொடராக வந்தது. படம் 1939இல் வெளியானது. யார் யாரைத் தழுவினார்கள் என்று பிரித்துச் சொல்லவே முடியாது.

‘திரையாக்கம்’ என்ற சொல்லும் புழக்கத்தில் இருக்கிறது. அது நல்ல சொல். ஆனால் வேறு வேலைக்கானது. எழுத்தைத் திரைக்குக் கொண்டுவரும் செயலை அது குறிக்கும். மூலத்தோடு உள்ள உறவைச் சொல்லாது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டமும் தன் 14ஆம் பிரிவில் இவற்றைத் தனித்தனியாகத்தான் வைக்கிறது: ஒரு நூலிலிருந்து திரைப்படம் எடுக்கும் உரிமை ஒன்று, மொழிபெயர்க்கும் உரிமை ஒன்று, தழுவும் உரிமை ஒன்று. நாவலாசிரியர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்முன் எந்த உரிமையைக் கொடுக்கிறோம் என்று பார்த்துக்கொள்வது நல்லது.

தொலைக்காட்சிக்கு வரும்போது ‘தொடர்’ என்ற சொல் தானாகவே பொருந்திவிடுகிறது. நம் பெரிய நாவல்களில் பல தொடர்கதைகளாகப் பிறந்தவைதாம். ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாரந்தோறும் வந்தது. அடுத்த வாரம் வரை வாசகரைக் காக்க வைக்கும்படி அத்தியாயங்கள் முடிந்தன. ஐந்து பாகங்களை மணிரத்னம் இரண்டு படங்களுக்குள் (2022, 2023) சுருக்க வேண்டியிருந்தது. தொல்காப்பியம் சொன்ன ‘தொகுத்தல்’ அது. நீண்ட தொடராக எடுத்திருந்தால் நாவலின் நடைக்கு நெருங்கி வந்திருக்கும் என்பது என் எண்ணம்.

எழுதும்போது ஒரு பிழையை மட்டும் தவிர்க்க வேண்டும். ‘இந்த நாவல் திரைப்படமாகத் தழுவப்பட்டது’ என்று இப்போது நிறைய இடங்களில் படிக்கிறோம். அது ஆங்கில வாக்கியத்தின் நிழல். தமிழில் தழுவுவது படம், தழுவப்படுவது நாவல். ஒன்றைத் தழுவி எடுக்கலாம், இன்னொன்றாகத் தழுவ முடியாது. ‘வெக்கை நாவலைத் தழுவி எடுத்த படம் அசுரன்’ என்றோ ‘அசுரன், வெக்கையின் தழுவல்’ என்றோ எழுதுங்கள். மாற்றம் அதிகமென்றால் ‘சிற்றன்னையைச் சார்ந்து எழுதிய திரைக்கதை’ எனலாம். கதை அப்படியே நிற்க, வடிவம் மட்டும் மாறியிருந்தால் ‘திரையாக்கம்’ போதும்.