வளைகாப்புக்கு ஆண்களையும் கூப்பிடுகிறீர்களா? கொஞ்சம் கதைப்போம்

ஏழாம் மாதம் நெருங்கியதும் கிளினிக்கில் குளிசையைப் பற்றிக் கேட்பதைவிட வளைகாப்பைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். எந்தச் சேலை, எந்த மண்டபம், அன்னாசி சேர்த்த கேக் சாப்பிடலாமா என்று வரிசையாக வரும். கொழும்பில் இப்போது அது பெண்கள் மட்டும் கூடும் சடங்காகவும் இல்லை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வளையல் அடுக்குவதையும் பேபி ஷவரையும் ஒன்றாக்கி, கணவனின் ஒபிஸ் நண்பர்கள், மச்சான்மார், மாமனார் என்று எல்லோருக்கும் அழைப்பு போகிறது. எனக்கு இதில் முழுச் சம்மதம். வந்த ஆண்களை என்ன செய்வது என்றுதான் யாரும் யோசிப்பதில்லை.

பெண்கள் உள்ளே வளையல் போட்டுக்கொண்டிருப்பார்கள். ஆண்கள் ஒரு கட்லட்டை எடுத்துக்கொண்டு கார் நிறுத்துமிடத்துக்கு நகர்வார்கள். கொஞ்ச நேரத்தில் யாருடையதோ கார் டிக்கி திறக்கும், பிளாஸ்டிக் கோப்பைகள் வெளியே வரும், கூடவே சிகரெட். புகை கர்ப்பிணிக்குக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் கவலைப்படுவது அதற்கடுத்த கட்டத்துக்கு. அன்றிரவு வலி கண்டால் காரோட்டக்கூடிய அத்தனை பேரும் குடித்திருப்பார்கள். ஆகவே அழைப்பிலேயே எழுதிவிடுங்கள், மதுவும் புகையும் இல்லாத விழா என்று. மச்சான் முகத்தைச் சுளித்தால் சுளிக்கட்டும்.

ஆண்களை உள்ளே உட்கார வைக்க வேண்டுமென்றால் அவர்களுக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும். வயிற்றை ரிப்பனால் அளந்து சுற்றளவை ஊகிக்கும் விளையாட்டு வேண்டவே வேண்டாம். அந்தக் கர்ப்பிணிப் பெண் கூச்சத்தில் சிரித்துச் சமாளிப்பார், அவ்வளவுதான். அதற்குப் பதிலாகக் கணவனையும் நண்பர்களையும் கேள்வி கேளுங்கள். மனைவியின் இரத்தப் பிரிவு என்ன? பிரசவத் திகதி எது? தண்ணீர்க்குடம் உடைந்தால் முதலில் என்ன செய்வீர்கள்? கிளினிக்கில் இரத்தப் பிரிவைக் கேட்டால் பைலைக் கையில் வைத்திருக்கும் கணவன்மார் பலர் அதைப் புரட்டித் தேடுகிறார்கள். அது முதல் பக்கத்திலேயே இருக்கும்.

இரத்தக் கசிவு, நீர் வடிதல், விடாத தலைவலி, கண் மங்குதல், மேல் வயிற்று வலி, முகமும் கையும் திடீரென்று வீங்குதல், பிள்ளையின் அசைவு குறைதல். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காலையில் பார்ப்போம் என்று படுக்கக் கூடாது. இதை அந்தச் சபையில் ஒருவர் இரண்டு நிமிடம் எடுத்துச் சொன்னால் போதும். அப்புறம் ஒரு தாளை எடுத்து, இரவு 2 மணிக்கு போன் அடித்தால் காரோடு வரக்கூடிய மூன்று பேரின் பெயரை எழுதுங்கள். காசல் வீதி மகளிர் மருத்துவமனையோ, டி சொய்சாவோ, தனியார் மருத்துவமனையோ, எங்கே பதிந்திருக்கிறீர்கள், இரவில் எந்த வாசலால் போவது என்பதும் அந்த மூன்று பேருக்கும் தெரிந்திருக்கட்டும்.

பிள்ளை பிறந்த பிறகுதான் ஆண்களின் உதவி இன்னும் அதிகம் தேவை. தாய்க்கு 84 வேலை நாள் லீவு உண்டு. அரச ஊழியரான தந்தைக்குக் கிடைப்பது 3 நாள். தனியார் துறையில் அது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஆகவே இப்போதே பங்கு பிரியுங்கள். யார் எந்த நாள் சோறு கறி கொண்டுவருவது, யார் மருந்துக் கடைக்குப் போவது என்று ஒரு பட்டியல் போடலாம். பத்தியக் கறிக்குச் சரக்குத் தூள் அரைப்பது மாமியின் வேலையாகவே இருக்கட்டும், மீன் வாங்கிக் கொடுப்பதை நண்பர்கள் பார்க்கலாம். பிள்ளை பிறக்க முன் சாமான் வாங்கக் கூடாது என்று நினைக்கும் குடும்பங்களுக்கும் இப்படிப்பட்ட பரிசு பொருந்தும்.

பரிசுப் பொருள்தான் என்றால் இரண்டை மட்டும் தவிர்க்கச் சொல்வேன்: பால்மா டின், சில்லு வைத்த வோக்கர். முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும் போதும். வோக்கரில் பிள்ளை படியில் உருண்டு விழும், நடை சீக்கிரம் வருவதும் இல்லை.

சாப்பாட்டில் நான் பார்ப்பது அந்த ஆளுக்கொரு கரண்டிதான். சர்க்கரைப் பொங்கல், லட்டு, கேக் என்று முப்பது பேர் ஊட்டினால், பரிசோதனையில் சீனி கூட என்று தெரிந்தவருக்கு அது ஒரு முழு விருந்து. ஊட்டும் தட்டில் சுண்டலும் வெட்டிய பழமும் வையுங்கள், சம்பிரதாயம் குறையாது. (அன்னாசியைப் பழமாக அளவோடு சாப்பிடலாம். பச்சைப் பப்பாளிதான் வேண்டாம்.) பச்சை முட்டையில் செய்த மயோனீஸ் சாண்ட்விச்சும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் மேசையில் ஆறிப்போன புரியாணியும் கர்ப்பிணியின் பக்கம் வரக் கூடாது.

மொட்டைமாடியில் மாலை ஐந்து மணிக்கு வைத்தால் படம் அழகாக வரும், சரி. டெங்கு நுளம்பு அதிகம் கடிக்கும் நேரங்களில் அதுவும் ஒன்று. கொழும்பில் டெங்கு இல்லாத மாதமே இல்லை, பிரசவம் நெருங்கும்போது அது வந்தால் இரத்தப்போக்கு ஆபத்து. காலை பத்தரைக்கு உள்ளே, மின்விசிறியோடு, கழிவறை பக்கத்தில் இருக்கும் இடமாகப் பார்த்து, ஒன்றரைக்குள் முடித்துவிடுங்கள். காய்ச்சல், இருமல் உள்ளவர்கள் வராமலிருப்பதே மரியாதை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது மருத்துவம் இல்லை. ஆண்களையும் கூப்பிட்டோம் என்று பெருமைப்படும் சில வீடுகளில், பிள்ளையில்லாத அக்காவையும் கணவனை இழந்த சித்தியையும் மட்டும் பின்வரிசையில் உட்கார வைக்கிறார்கள். நண்பனின் நண்பன் வளையல் போடலாம், சித்தி போடக் கூடாதா? அவரைத்தான் முதலில் கூப்பிடுங்கள்.

வளைகாப்பைக் கர்ப்பத்தின் 28க்கும் 32க்கும் இடைப்பட்ட வாரங்களில் வைப்பது பெரும்பாலானவர்களுக்கு வசதி. இரட்டைப் பிள்ளை, நச்சுக்கொடி கீழே இருக்கிறது, பிரஷர் இருக்கிறது என்றால் மண்டபம் பதிய முன் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். விழாவுக்கு முதல் நாள் பிள்ளை வழக்கம்போல அசையவில்லை என்று தோன்றினால், கேக்கையும் மண்டபத்துக்குக் கட்டிய முற்பணத்தையும் விட்டுவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள்.