கூலி: தமிழில் கிளம்பிச் சீனத்தில் கசந்த சொல்

சீனக் குடியேறிகளைப் பற்றிய நாவலையோ வரலாற்று நூலையோ தமிழாக்கம் செய்பவர் முதல் சில பக்கங்களுக்குள்ளேயே இந்தச் சொல்லில் இடறுவார். ஆங்கிலத்திலும் ‘கூலி’, தமிழிலும் ‘கூலி’. அப்படியே எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். முடியாது. ஆங்கிலக் கூலி ஓர் ஆள். தமிழ்க் கூலி அந்த ஆளுக்குக் கொடுக்கும் காசு.

‘தெய்வத்தான் ஆகா தெனினும் முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்’ (குறள் 619). உடல் வருந்தியதற்கு ஈடாகக் கைக்கு வருவதுதான் இங்கே கூலி. தெலுங்கு, கன்னடம், மலையாளத்திலும் இந்தச் சொல் உண்டு. ஆளைச் சொல்ல வேண்டுமானால் தமிழ் கூடவே ஓர் ஒட்டைச் சேர்த்துக்கொள்ளும்: கூலியாள், கூலிக்காரர், கூலித் தொழிலாளி. அந்த ஒட்டு உதிர்ந்தது வெளியார் வாயில்தான். இந்தியக் கரையோரத்தில் வணிகம் செய்த போர்த்துகீசியரும் பின்னால் வந்த ஆங்கிலேயரும், சம்பளத்தின் பெயரையே ஆளுக்கு வைத்துவிட்டார்கள்.

இதற்கு மாற்றுக் கருத்தும் உண்டு. குஜராத் பக்கத்துக் கோலி சமூகத்தின் பெயரிலிருந்து வந்தது என்பார்கள். அடிமையைக் குறிக்கும் துருக்கியச் சொல் ‘குல்’ உருது வழியாகக் கலந்தது என்பதும் ஒரு வாதம். வேர்ச்சொல் அகராதிகள் பலவும் கோலியையும் தமிழ்க் கூலியையும் சேர்த்தே தருகின்றன. மேற்குக் கரையில் கோலியாகக் காதில் விழுந்தது, தெற்கே வந்ததும் கூலியோடு ஒட்டிக்கொண்டது என்று கொள்வதே பொருத்தமாகப் படுகிறது.

இனி சீனப் பக்கம். சீனப் பொதுமொழியான மாண்டரினில் இதை ‘கூ’, ‘லீ’ என்ற இரண்டு எழுத்துகளால் எழுதுவார்கள். ‘கூ’ என்றால் கசப்பு, துன்பம். ‘லீ’ என்றால் உடல் வலு. ஆக, ‘கசந்த வலு’. இதைப் பார்த்தவர்கள் சொல்லே சீனத்தில் பிறந்தது என்று எழுதிவிடுகிறார்கள். இணையத்தில் இன்றும் இது சுற்றுகிறது. தவறு. வெளியிலிருந்து வந்த ஒலிக்கு, அதே ஒலியும் பொருத்தமான பொருளும் கொண்ட எழுத்துகளைத் தேடிப் பொருத்துவது சீனத்தில் பழகிப்போன வித்தை. இந்த இரண்டு எழுத்துகளையும் தென்சீனத்தில் பேசும் கான்டனீஸில் படித்துப் பார்த்தால் குட்டு வெளிப்படும்: ‘ஃபூ லிக்’ என்று வரும், கூலிக்கும் அதற்கும் ஒலியில் உறவில்லை. கடல் கடந்து போனவர்களில் பெரும்பகுதி கான்டனீஸ் பேசும் குவாங்டாங் மாகாணத்தையும் அதை அடுத்த ஃபூஜியனையும் சேர்ந்தவர்கள். சொல் உள்ளூரில் பிறந்திருந்தால் அவர்கள் வாயில் அல்லவா சரியாக உட்கார வேண்டும்? கான்டனீஸ்காரர்கள் ஒலியை மட்டும் பிடித்து ‘கூலெய்’ என்று தனியாக எழுதிக்கொண்டார்கள்.

போனவர்கள் தங்களைச் சொல்லிக்கொண்ட பெயர் வேறு: ‘ஜூசாய்’, அதாவது பன்றிக்குட்டி. ஆளைப் பிடித்து ஏற்றுமதி செய்வதற்கு, பன்றிக்குட்டி விற்பது என்று பெயர். தென்சீனக் கரையில் போர்த்துகீசியர் வசமிருந்த மக்காவ் துறைமுகத்தில் கப்பல் வரும்வரை அவர்களை அடைத்து வைத்த கொட்டகை, பன்றிக்குட்டி விடுதி. மூலத்தில் ஜூசாய் இருந்தால் அதைக் ‘கூலி’ என்று மாற்றாதீர்கள். கூலி அவர்களை வாங்கியவனின் சொல். பன்றிக்குட்டி விற்கப்பட்டவனின் சொல். அரசு ஆவண நடைக்கு ‘ஹுவாகுங்’ (சீனத் தொழிலாளி) என்ற மூன்றாவது சொல்லும் உண்டு. மூன்றையும் ஒரே தமிழ்ச் சொல்லில் போட்டால், யார் பேசுகிறார்கள் என்பதே காணாமல் போகும்.

1847 முதல் 1874 வரை, அன்று ஸ்பெயின் வசமிருந்த கியூபாவுக்குச் சுமார் 1,41,000 சீனர் கப்பலேறினார்கள். கரையிறங்கியவர்கள் சுமார் 1,25,000. மீதிப் பேர் வழியிலேயே இறந்துபோனார்கள். ஒப்பந்தம் 8 ஆண்டு, சம்பளம் மாதம் 4 பெசோ. தாளில் அவர்களுக்கு இட்ட பெயர் கூலியோ அடிமையோ அல்ல, ‘கொலோனோ’. ஸ்பானியத்தில் குடியேறி என்று பொருள். கரும்புத் தோட்டத்தில் ஆப்பிரிக்க அடிமைகளுக்குப் பக்கத்தில் நின்று, அதே சவுக்கடி வாங்கியவர் தாளில் குடியேறி! 1860-இல் வந்த விதி, 8 ஆண்டு முடிந்தவர் மறுபடி ஒப்பந்தம் போட வேண்டும், இல்லையேல் சொந்தச் செலவில் நாட்டை விட்டுப் போக வேண்டும் என்றது. மாதம் 4 பெசோவில் கப்பல் கட்டணம் சேர்ப்பது எங்கே?

1874-இல், அன்று சீனாவை ஆண்ட சிங் அரசு, சென் லான்பின் தலைமையில் விசாரணைக் குழு ஒன்றைக் கியூபாவுக்கு அனுப்பியது. 1,176 வாய்மொழி வாக்குமூலங்களும் 85 மனுக்களும் பதிவாயின. இவற்றை வெறும் ஆவணமாகப் படிப்பது குறைப்படிப்பு. புலம்பெயர்ந்தவர் தன் கதையைத் தானே சொல்லும் எழுத்துக்கு முன்னோடி இவைதான். இத்தகைய பகுதிகளில் ஒப்பந்தப் பெயராக வரும் ‘கொலோனோ’வைத் திருத்திவிடக் கூடாது. ‘குடியேறி’ என்றே வைத்தால்தான் அந்தப் பொய் தெரியும்.

தமிழில் அதிகம் நடக்கும் பிழை கூட்டுச்சொற்களில். முதல் உலகப் போரில் பிரிட்டனும் பிரான்சும் சுமார் 1,40,000 சீனர்களைப் பிரான்சுக்குக் கொண்டுபோய்ப் பதுங்குகுழி வெட்டவும், குண்டுகளை இறக்கவும், சண்டை ஓய்ந்தபின் பிணங்களைப் புதைக்கவும் வைத்தன. ஆங்கில நூல்களில் இவர்கள் சீனக் கூலிகள். இந்த அணியைச் ‘சீனக் கூலிப்படை’ என்று எழுதினால் கதை தலைகீழாகிவிடும். தமிழில் கூலிப்படை என்றால் காசு வாங்கிக்கொண்டு கொலை செய்பவர்கள். இந்தச் சீனர்கள் கையில் துப்பாக்கியே கிடையாது. போர்முனையில் சண்டையிடமாட்டார்கள் என்பது ஒப்பந்தத்தில் இருந்தது. ‘சீனத் தொழிலாளர் அணி’ என்பதே சரி. பிரான்சின் நுவாயெல்-சூர்-மேர் கல்லறையில் இவர்களுக்கு 800-க்கு மேற்பட்ட நடுகற்கள் உண்டு. அவரவருக்குக் கொடுத்திருந்த எண்ணும் கல்லில் இருக்கிறது.

‘கூலி வாணிபம்’ என்றால் சம்பளத்தை விற்பதுபோல் ஒலிக்கிறது. ‘கூலியாள் வாணிபம்’ என்று ஆளைக் கொண்டுவர வேண்டும். ‘கூலிக் கப்பல்’ வாடகைக்கு எடுத்த கப்பலாகிவிடும். ‘கூலியாட்களை ஏற்றிய கப்பல்’ நீளம்தான், ஆனால் குழப்பமில்லை. ‘கூலித் தொப்பி’ வேண்டவே வேண்டாம், கூம்புத் தொப்பி போதும். சீனத்தில் அடிக்கடி வரும் ‘கசப்பைத் தின்பது’ என்ற தொடரிலும் அதே ‘கூ’தான் இருக்கிறது. அதை எழுத்துக்கெழுத்து பெயர்க்காமல் ‘பாடுபட்டான்’, ‘பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினான்’ என்று இடத்துக்கேற்ப எழுதலாம்.

‘கொத்தடிமை’ பல இடங்களில் கைகொடுக்கும். கியூபா, பெரு தோட்டங்களுக்குக் கிட்டத்தட்டப் பொருந்தும். கலிபோர்னியாவுக்குப் பொருந்தாது. அங்கே போனவர்களில் பலர் கப்பல் கட்டணத்தைக் கடனாக வாங்கிக்கொண்டு, சம்பளத்தில் அடைத்தவர்கள். 1860-களில் அமெரிக்காவின் சென்ட்ரல் பசிபிக் ரயில்பாதை போட்டவர்கள் கூலிக்கு வேலை செய்தவர்கள். 1867-இல் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தமே செய்தார்கள். அவர்களை அடிமைக் கூலிகள் என்று சித்திரித்தது சீனர் வருகையை எதிர்த்த அரசியல். அந்தப் பிரசாரத்தின் விளைச்சல்தான் 1882-இன் அமெரிக்கச் சீனர் விலக்குச் சட்டம். வணிகர், மாணவர், ஆசிரியர் வரலாம். தொழிலாளி வரக் கூடாது. 1943 வரை இது நீடித்தது. 1910 முதல் 1940 வரை சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் ஏஞ்சல் தீவில் அடைக்கப்பட்டவர்கள் மரச்சுவரில் கவிதை செதுக்கியது இந்தச் சட்டத்தின் நிழலில்தான். ஆகவே வெள்ளைக்காரப் பாத்திரம் ‘கூலி’ என்று கத்தும் இடத்தில் ‘தொழிலாளி’ என்று மரியாதையாகத் திருத்தாமல், ‘கூலிப்பயலே’ என்று வசையாகவே விட வேண்டும். கதைசொல்லி பேசும் வரியில் கூலியாள், சட்டம் பேசும் வரியில் ஒப்பந்தத் தொழிலாளி, ஏறிப் போனவரே பேசும்போது பன்றிக்குட்டி.