ஜென்னா, 800-ஆ? முதலில் போனைக் கீழே வையுங்கள்

இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள். பின்னால் நீலப் புகை கிளம்ப, பழைய மாருதி ஜென் கார் ஒன்றைப் பட்டறைக்குள் ஓட்டி வந்து நிறுத்தினார் ஒரு தம்பி. வாங்கி நான்கே நாள். "அண்ணே, மாருதி 800-ஐ விட இதுக்குத்தான் பவர் ஜாஸ்தின்னு போட்டிருந்தாங்க" என்று போனில் இரண்டு காரையும் ஒப்பிடும் பட்டியலை நீட்டுகிறார்.

போட்டிருப்பது பொய் இல்லை. 800-க்கு 796 சிசி, மூன்று சிலிண்டர், 37 பிஎச்பி. ஜென்னுக்கு 993 சிசி, நான்கு சிலிண்டர், கார்புரேட்டர் மாடலே ஐம்பதைத் தொடும். சரி, ஆனால் அதெல்லாம் ஷோரூமை விட்டு வந்த அன்றைய கணக்கு. அதற்கப்புறம் இருபது வருஷம், நாலு ஓனர், ஆயில் மாற்றாமல் ஓட்டிய ஓட்டம், இதெல்லாம் அந்தப் பட்டியலில் எங்கே இருக்கிறது? கம்ப்ரஷன் பார்த்தேன், அதாவது சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுத்தத்தில் நெருக்கப்படுகிறது என்று. மூன்று சிலிண்டரில் 150 பிஎஸ்ஐ-யை ஒட்டி நின்றது, நான்காவதில் 80. பிளக் துளையில் கொஞ்சம் ஆயில் விட்டுப் பார்த்தால் 120-க்கு ஏறுகிறது, அப்படியென்றால் பிஸ்டனைச் சுற்றி அடைக்கும் ரிங் போய்விட்டது. (ஏறாமல் இருந்தால் வால்வைச் சந்தேகப்படுவேன்.) ஆக, தம்பி வாங்கியதும் மூன்று சிலிண்டர் வண்டிதான், நாலு சிலிண்டர் விலை கொடுத்து.

அதே வாரம் ஒரு பெரியவரின் 2004 மாடல் 800 சர்வீஸுக்கு வந்தது. மூன்றிலும் 165-க்குக் குறையவில்லை. இந்த இரண்டு வண்டியையும் மேம்பாலத்தில் ஏற்றினால் எது முந்தும் என்று எந்தப் பட்டியலும் சொல்லாது. மைலேஜும் அப்படித்தான்.

வாங்க நினைக்கும் வண்டியைக் காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது போய்ப் பாருங்கள். நீங்கள் போவதற்குள் ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால், இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடுங்கள். மிதியடியைத் தூக்கித் தரைத் தகட்டை அழுத்துங்கள், விரலில் துரு ஒட்டுகிறதா? மீட்டர் 45,000 காட்டுகிறது, பிரேக் பெடல் ரப்பர் மொழுமொழுவென்று தேய்ந்திருக்கிறது என்றால் மீட்டரை நம்பாதீர்கள். டயரில் 1416 என்று இருந்தால் அது 2016-இன் 14-வது வாரம் செய்தது, பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் கிழடுதான். டைமிங் பெல்ட் மாற்றிய பில் இல்லையென்றால் அந்தச் செலவையும் விலையில் கழியுங்கள். 15 வருஷம் தாண்டிய வண்டி, ஆர்சி (பதிவுச் சான்று) புதுப்பித்திருக்கிறதா, எதுவரை என்று பார்க்காமலா பணத்தை எண்ணுவது?

கெஞ்சிக் கேட்கிறேன், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப் போங்கள். என்னைத்தான் கூப்பிட வேண்டும் என்றில்லை, கையில் கம்ப்ரஷன் கேஜ் இருந்தால் யாராக இருந்தாலும் சரி.